வீட்டு இணைப்பிலிருந்து மட்டும்

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் வழியாக எங்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கான விதிகளை எழுதியதும் நான்தான். பதிவு செய்த வீட்டு இன்டர்நெட் இணைப்பைத் தவிர வேறெங்கிருந்து முயன்றாலும் உள்ளே வர முடியாது. அதில் எனக்கு அப்படியொரு திமிர்.

சிதம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. லீவு கேட்டா இல்லன்னுட்டாங்க. ரெண்டு நாளைக்கு மட்டும் இங்கேர்ந்து லாகின் பண்ண விடுப்பா."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. வீட்டுக்குப் போய் பண்ணுங்க."

பொய். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன மேனேஜருக்கு அந்த வாரம்தான் விலக்கு கொடுத்திருந்தேன். அக்கா இன்னும் இரண்டு முறை கெஞ்சினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கணவரைப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். மறுநாள் மதியம் கணவர் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து, வேலையை விட்டுவிட்டு, லேப்டாப்பைத் திருப்பித் தர அக்கா வந்தார்.

"அவரு ரெண்டேகாலுக்குப் போயிட்டாராம். நான் அப்ப என்னா பண்ணிட்டு இருந்தேன்னு இதுல காட்டுமாப்பா?"

லாகின் பதிவைப் பார்த்தேன். "வேலையிலதான் இருந்தீங்கக்கா."

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் பெயரை நீக்க விபிஎன் அனுமதிப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். பெயருக்கு நேரே, விலக்கு என்ற சின்னக் கட்டம். ஒரே ஒரு கிளிக். அவர் போனில் கெஞ்சியபோதும் இந்தப் பக்கம்தான் என் எதிரே திறந்திருந்தது.