மூஞ்சியைப் பார்த்துச் சொல்

எங்கள் வீட்டில் எதையும் 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அரிசி தீர்ந்தால் "நெறஞ்சிருக்கு" என்போம். கூப்பிட்ட இடத்துக்குப் போகப் பிடிக்காவிட்டால் "பாக்கலாம்" என்போம். மலையாளம் பேசும் ஊர்தான் என்றாலும் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அதுவே புரிந்துவிடும். இதில் ஆபத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை, என் மகள் பொன்முடி மலைக்குப் போய்வரும் வரையில்.

சிநேகிதி வீட்டுக்குப் போனவள் திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் ஜீப்பை நிறுத்தி ஏறச் சொன்னார், ஏறிவிட்டாள். 'யாரோட ஜீப்லயோ வரேன்' என்று ஒரு செய்தி வந்தது. அப்புறம் போன் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். நல்ல மனிதர்தான், வீட்டுக்குப் பக்கத்தில் பழவங்காடியில் பத்திரமாக இறக்கிவிட்டார்.

"ஏண்டி ஏறினே?"

"வேண்டாம்னுதான் தோணித்து. மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? சாரமில்ல, விடும்மா, ஒண்ணும் ஆகலையே."

இப்படிப்பட்டவளுக்குத்தான் துருக்கியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது.

போனில் பார்த்து அந்த ஊர் பாஷையைப் படிக்கத் தொடங்கினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். வணக்கம், நன்றியெல்லாம் அவளே படித்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது மறுக்கிற வாக்கியங்கள். 'கெலியோரும்' என்றால் வருகிறேன். நடுவில் ஒரு 'மி' வைத்து 'கெல்மியோரும்' என்றால் வரவில்லை. 'இஸ்தியோரும்', வேண்டும். 'இஸ்தெமியோரும்', வேண்டாம். நம் 'இல்லை' கடைசியில்தான் வரும், சொல்வதற்குள் விழுங்கிவிடலாம். அவர்களுடையது நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது, தப்ப வழியில்லை. அது எனக்குப் பிடித்துப்போனது.

கத்தரிக்காய் நறுக்கியபடியே நான் ஜீப்காரனாக மாறுவேன். "வண்டியில ஏறு மோளே" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து "இஸ்தெமியோரும்" என்று முணுமுணுப்பாள்.

"இளிக்காதே. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு!"

விமானம் ஏறும் நாள்வரை ஒருமுறைகூட நிமிர்ந்து சொல்லவில்லை. உள்ளே போகும் வரிசையிலிருந்து அவள் கையசைத்தபோதும் நான் 'இஸ்தெமியோரும்' என்று வாயசைத்துக் காட்டினேன். யாரிடமாவது தலையாட்டிவிடுவாளோ என்ற பயத்திலேயே ஒரு வருஷம் ஓடியது.

போன மாதம் அவள் இருக்கும் ஊரில் நிலம் அதிர்ந்தது என்று டிவியில் சொன்னார்கள். லேசான அதிர்வுதான், சேதமில்லை என்றும் சொன்னார்கள். அது என் காதில் ஏறவேயில்லை. உடனே வீடியோவில் கூப்பிட்டேன்.

"படிச்சது போதும். டிக்கெட் போடச் சொல்றேன், கெளம்பி வந்துடு."

அவள் சிரிக்கவில்லை. குனியவும் இல்லை.

"கெல்மியோரும்" என்றாள். "பரீட்சை இருக்கு. நான் வரல்லைம்மா, கேட்டோ."

எதைக் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தேனோ அதை முதன்முதலாக என்னிடமே சொல்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பயம் துளியும் குறையவில்லை. வாயைத் திறந்தால் பழைய பழக்கம்தான் வந்தது.

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா முடியாதுன்னுதானே? அதை என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லும்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.