ரிப்போர்ட் வரும்வரை ரசம்

என் வீட்டுக்காரர் புதுசு என்றால் பாய்ந்து போகிற ஆள். பாம்பூஃப்ளாட் மார்க்கெட்டுக்குப் பெயர் தெரியாத மீன் ஒன்று வந்தால், அது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ராமநாதபுரத்திலிருந்து அந்தமானுக்கு வந்து இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள்ளும் பாதி ஹிந்திதான். கோபமும் ஹிந்தியில்தான் வரும்.

போன மழைக்காலத்தில் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர நாளாகும் என்றார்கள். அன்றிலிருந்து மனுஷன் மாறிப்போனார்.

மீனே வேண்டாமாம், ரசம் போதுமாம். மறுநாளும் ரசம், அதற்கு மறுநாளும் ரசம். டிவியில் முடிவு தெரிந்த பழைய படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தார். வேலைக்குப் போகிற ஃபெர்ரியில் தினமும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒருநாள் ஒரு பெங்காலி அம்மா அந்த இடத்தில் காய்கறி மூட்டையை இறக்கிவிட, மூட்டைக்கு மேலே வளைந்து அதே கம்பியைப் பிடித்தபடி அக்கரையில் சாத்தம் ஜெட்டி வரை போயிருக்கிறார். கூட வேலை செய்பவர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நோயாளி நானா இவரா என்று கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கேலி செய்த நானும் அலமாரியில் புதுசெல்லாம் இருக்க, சாயம் போன ஒரே நைட்டியைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர், மலையாளி, நிதானமாக ஹிந்தியில் விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்தவரை நல்ல சேதிதான். இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஹிந்தியில் பஞ்சாயத்து பண்ணுகிறவர், ஒரு வார்த்தையும் ஏறாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்," என்றார், "அதைத் தமிழ்ல ஒரு தடவ சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார்: "கேன்சர் இல்லா. சாதா கட்டி. பேடிக்க வேண்டா."

அதில் பாதி மலையாளம்; பயப்பட வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். இவருக்கு அதுவே போதுமாக இருந்தது. குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முதுகில் கைவைத்துக்கொண்டு, டாக்டருக்கு எங்கள் இருவர் சார்பிலும் நன்றி சொன்னேன்.