பிரெஞ்சு ராணுவத்து மாப்பிள்ளை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார். பையன் புதுச்சேரித் தமிழன். ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். அப்பாவைப் போலவே பிரெஞ்சு ராணுவத்தில் வேலை. தங்கைக்கு அவனைப் பிடித்திருந்தது. சிக்கல் அவள் அண்ணன்: அவன் நம் ராணுவத்தில் ஹவில்தார்.

“நாளைக்கு ரெண்டு நாடும் அடிச்சிக்கிச்சின்னா என் வூட்ல யாருடா யாரைச் சுடறது?” என்றார் சித்தப்பா.

பத்திரிகை ஆபீசில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவன் நான். இரண்டு நாட்டுக் கடற்படைகளும் சேர்ந்து பயிற்சி செய்வதையும், வியாபாரம் வளர்வதையும், ஐ.நா.வில் பிரான்ஸ் நமக்காகப் பேசுவதையும் சொன்னேன். சித்தப்பா யூரியா மூட்டையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

“இதெல்லாம் பேப்பர்காரன் பேச்சு. மோதிரம் போடப் போறவன் சொல்லட்டும்.”

பெண்ணின் அண்ணன் மச்சான் முறைக்கு மாப்பிள்ளை விரலில் மோதிரம் போட்ட பிறகுதான் எங்கள் வீடுகளில் தாலி. அவன் மாட்டேன் என்றால் கல்யாணமே இல்லை. அவனோ அப்போது வடகிழக்கு மலையில், பிரெஞ்சுப் படையோடு நடந்த கூட்டுப் பயிற்சியில் இருந்தான். நேரில் பேசிக்கொள்ளலாம் என்றுவிட்டான்.

லீவில் வந்தவன் ஷூவைக் கழற்றுவதற்குள் கடையிலேயே பஞ்சாயத்து கூடிவிட்டது.

“நைனா, என்னை அடிபட்டவன் மாதிரி படுக்கச் சொன்னாங்க. பிரெஞ்சுக்காரனுங்க நாலு பேரு ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு மலை எறங்குனாங்க. மழை, சேறு. ஒருத்தன் வழுக்கி வுழுந்து முட்டி கிழிஞ்சி ரத்தம். அப்பவும் என்னைக் கீழ வுடல.”

“அதனால இன்னா?”

“என் வெயிட்டு உனக்குத் தெரியாதா? பொய்யா படுத்தவனையே கீழ போடல. தைரியமா பொண்ணு குடு.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “இந்த மாதிரி வெவரமா நீ சொல்லி இருக்கலாம்ல?”

கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை, யாரையும் பார்க்காமல் புதுச்சேரிக்குப் போன் போட்டாள்.

திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டி சட்டையில், பிரெஞ்சு ராணுவ மெடல்களைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தார். ஹவில்தார் விறைப்பாக நின்று வரவேற்றான். மேடையில் மோதிரத்தைப் பாதி விரல் வரை நுழைத்துவிட்டு நிறுத்தினான்.

“உங்க போர் விமானத்தை நாங்க காசு குடுத்து வாங்குனோம். எங்க பொண்ணை மட்டும் சும்மா கட்டினு போறியே, மாப்ள.”

மாப்பிள்ளை பதில் தேடுவதற்குள் தங்கை தலையை நிமிர்த்தினாள். “அண்ணா, பேரம் அப்புறம் பேசு. மொதல்ல மோதிரத்தை முழுசா போடு.”

மண்டபமே சிரித்தது. மோதிரம் ஏறியது. ஐயர் வாய் திறக்குமுன் சித்தப்பாவே கத்தினார்: “கெட்டிமேளம்!”