மில்லிலிருந்து மூன்றாம் அறைக்கு

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பதினோரு வீடுகளில் நெசவு மில் சம்பளம். மில்லை மூடியதும் பாதிப் பேர் கிடங்குகளில் பெட்டி கட்டப் போனார்கள். அங்கே இயந்திரம் வந்தது, அந்த வேலையும் போனது. இப்போது ஆள் தேடி அலைவது முதியோர் இல்லங்கள்தான். என் கொழுந்தன் மூன்றையும் பார்த்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயதில், நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு வாரச் சோதனைக்குச் சேர்ந்தான்.

விரிப்பு மாற்றுவதிலும் ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பதிலும் குறை சொல்ல முடியாது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டைதான் கெடுத்தது. "தண்ணி வேணுமா தாத்தா?" என்று அவன் கேட்டால் பக்கத்து அறைத் தாத்தாவும் "வேணும்" என்பார். ஆறாம் நாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

"அண்ணே, இது சந்தை இல்ல. நாளைக்கும் இப்படியே கத்தினா வேற ஆள் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் என்னிடம் குழைந்தான். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மாட்டேன். சத்தத்தக் குறை, வேலை நெலைக்கும்."

மறுநாள் காலை மூன்றாம் அறையில் சிக்கல். தொண்டையில் குழாய் வைத்த ஒரு அம்மா முந்தின மாலைதான் வந்திருந்தார். குரல் வராது, கை நடுக்கத்தில் எழுதவும் வராது. வாயை மட்டும் அசைத்தார். நர்ஸ் தலையணையை உயர்த்தினார். நான் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். அந்த அம்மா கோபத்தில் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி வாயை அசைத்தார்.

விரிப்போடு வந்த கொழுந்தன் வாசலில் நின்றபடியே சொன்னான்.

"இடது குதிகால் எரியுதாம்."

போர்வையை விலக்கினேன். குதிகால் சிவந்து தோல் உரியும் நிலையில் இருந்தது. இன்னொரு நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். முப்பது வருட அனுபவம் உள்ள நான் பார்க்கத் தவறியது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைத்தேன்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றார் நர்ஸ்.

"தறி ஓடுறப்ப காது எதுக்கு சிஸ்டர்? இருபது வருஷம் உதட்டப் பாத்துத்தான் பேசிக்கிட்டோம். மேஸ்திரி அந்தக் கோடியில நின்னு திட்டுறதுகூட விளங்கும்."

அந்த அம்மாவின் உதடு மறுபடி அசைந்தது. கொழுந்தன் சிரித்தான்.

"இப்ப என்னவாம்?" என்றேன்.

"நான் இருந்தாப் போதுமாம். நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாமாம்."

அன்று மதியமே வேலை உறுதியானது. கையெழுத்து வாங்கிக்கொண்டே நர்ஸ் கேட்டார்: "உங்ககூட மில்லுல இருந்தவங்க வேற யாராச்சும் சும்மா இருக்காங்களா?"

"நாலு பேர் இருக்காங்க சிஸ்டர். ஆனா அவங்களுக்கும் என் தொண்டைதான்."

"வரச் சொல்லுங்க," என்றார் நர்ஸ்.