வாலை நறுக்கினாலும் வகுபடாத எண்

கணக்குப் பேராசிரியர் என்று தெரிந்ததும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் தொழில் என்னுடையது. அதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலையா, வாலா?

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி வகுப்பில் ஒருநாள் 73939133 என்று பலகையில் எழுதினேன். "இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை அழித்தால் மிஞ்சுவதும் பகா எண். இப்படியே அழித்துக்கொண்டு போனால், 7 மட்டும் மிஞ்சும்வரை எல்லாமே பகா எண்தான். இந்தக் குணமுள்ளவற்றில் இதுதான் ஆகப் பெரியது" என்றேன்.

பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் இளவரசி மட்டும் எதையோ வகுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "முன்னாடி இருக்கிற 7-ஐ எடுத்தா பதினொண்ணுல வகுபட்டுடுது மேடம். வாலை வெட்டினா தாங்குது, தலையில கை வச்சா தாங்கல."

பாகப்பிரிவினை

அவளுக்குச் சென்னையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. குறுவை நடவை நடுவில் விட்டுவிட்டு அவள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். கெண்டைக்காலில் சேறு காயவில்லை. "மாப்பிள்ளை பாக்குறோம் டீச்சர். அனுப்புறதா இல்லைங்க. வாலை வெட்டினாலும் வகுபடாத நம்பராம், வீட்டுலயும் அதே பேச்சு. இந்த நம்பரை வச்சு என்னதான் செய்வாங்க?"

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் கம்ப்யூட்டரே திணறும், அதை வைத்துத்தான் இணையத்தில் பல பூட்டுகள் போடுகிறார்கள் என்றேன். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிரித்துப் பார்த்தார். "சேக்குறது சுளுவு, பிரிக்கிறதுதான் பாடா? எங்க அண்ணன் தம்பி நிலம் மாதிரில்ல இருக்கு!"

முடிவு எதுவும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார்.

ஆறிப்போன காபி

பெண் பார்க்கும் அன்று இளவரசி என்னையும் கூப்பிட்டிருந்தாள். பையனின் அம்மா நல்ல மாதிரிதான். "கல்யாணம் முடிஞ்சா படிப்பெல்லாம் எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள். நான் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அவள் அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "பொண்ணு மெட்ராஸ் போகுதுங்க. படிச்சிட்டு வரட்டும். அப்பவும் உங்க பையனுக்கு மனசு இருந்தா பேசுவோம்."

இளவரசி நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னை பஸ்

வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நகர்ந்து மறைந்தபிறகும் அவள் அப்பா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தான் வந்த டவுன் பஸ் டிக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "அந்த நம்பரை இதுல எழுதிக் குடுங்க டீச்சர். பொண்ணு என்ன படிக்குதுன்னு ஊர்ல கேட்டா நான் சரியா சொல்லணும்ல."

இத்தனை வருஷம் நான் நடத்திய கணக்கில், பரீட்சைத் தாளைத் தாண்டி ஒரு வீடுவரை போய்ச் சேர்ந்தது அந்த எட்டு இலக்கம்தான்.