சம்பந்தி தோட்டத்தில் நின்று கேட்ட ஸ்பீக்கர்

என் தாய்மாமா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலையை மடித்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்ன விசேஷம் நடந்தாலும் ஸ்பீக்கர் சத்தம் பள்ளத்தைத் தாண்டி அவர்கள் வாசலுக்குப் போய்விடும்.

"சத்தம் வருது சம்பந்தி. என்ன பாட்டுன்னுதான் எங்க ஆளுகளால கண்டுபிடிக்க முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டு ஸ்பீக்கரை மாப்பிள்ளை வீட்டுத் திசை பார்த்துத்தான் மரத்தில் கட்டுவார்கள். அதில் பாட்டு விளங்கவில்லை என்றால், பந்தியில் சோறு வேகவில்லை என்பதற்குச் சமம். கல்யாணத்துக்குள் இந்தப் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று மாமா முடிவு செய்தார்.

அதற்கு வழி கட்டாரிலிருந்து வந்தது. மாமாவின் மூத்த மகன், அதாவது என் மச்சான், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது ஒரு போன் கொண்டுவந்தான். நம்பர் அழுத்த பொத்தான் இல்லாத போன். திரையைக் குத்துவதற்கு ஒரு குச்சி இருந்தது. அதுவரை எங்கள் லயத்துக்கு வந்தவை டோர்ச் வைத்த போன்கள்தான். கூடவே சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். போனுக்குள் இருக்கும் பாட்டு வெறும் கணக்குத்தான், அதைச் சத்தமாக மாற்றும் வேலையைப் போன் அரைகுறையாகச் செய்கிறது, அந்த வேலையை வெளியே எடுத்து இந்தப் பெட்டியிடம் கொடுத்தால் பாட்டு கழுவி எடுத்த மாதிரி வரும் என்று விளக்கினான். பெட்டியை போனில் சார்ஜ் போடும் ஓட்டையில் செருக வேண்டும். மறுபக்கத்து வயர் அம்ப்ளிஃபயருக்குப் போகும்.

ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் முஸ்லிம் நானா டவுனிலிருந்து சாமான்களோடு வந்தார். பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, மரத்துல கட்டுற ஹோர்னுக்குத் தொண்டை மட்டும்தான் ஈக்குது. வயிறு இல்ல. நீங்க என்னத்த ஊட்டினாலும் அது கத்தத்தான் செய்யும்."

மச்சான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் பந்தலடியில் பரீட்சை நடந்தது. ஒரே பாட்டைப் பெட்டி இல்லாமல் ஒரு தரமும், பெட்டியோடு ஒரு தரமும் போட்டான். இஞ்சி உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்கள். இரண்டாவது தரம் வயலின் தனியாகக் கேட்கிறது என்றார் என் பெரியம்மா. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அந்தப் பாட்டில் வயலினே கிடையாது என்று நானா என் காதோடு சொன்னார். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

மாமாவுக்குத் திருப்தி வரவில்லை. இங்கே கேட்டு என்ன பிரயோசனம், அங்கே எப்படிக் கேட்கிறது என்பதுதானே விஷயம். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் தகப்பன் அழைப்பில்லாமல் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலைகாட்டுவது அழகில்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் போய்க் கேட்டுவிட்டு வருவது என்று தீர்மானித்து, சாட்சிக்கு என்னை இழுத்தார். நான் அப்போது ஹட்டனில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீ பேப்பர்காரன். கேட்டத கேட்ட மாதிரி சொல்லுவ. வா" என்றார்.

பாலத்தைக் கடந்து, ரோட்டை விட்டு விலகி, மாப்பிள்ளை வீட்டு லயத்துக்கு மேலே உள்ள தேயிலைக்குள் நுழைந்தோம். செடிகளுக்கு நடுவே குந்தினோம். மாமா புதுச் சாரத்தை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். கீழே மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆட்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் எங்கள் லயம் மூட்டத்துக்குள் பாதி தெரிந்தது. பாட்டு காற்றோடு வந்தது, காற்றோடு போனது. ஆண் குரலா பெண் குரலா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன்.

அவர் என் போனை வாங்கினார். சத்தத்தைக் கூட்டச் சொல்வதற்காக மகனுக்குப் போன் போட்டார். அந்த மகனின் போன்தான் இப்போது பெட்டி வழியாக மரத்து ஸ்பீக்கரோடு சேர்ந்திருக்கிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. கட்டாரில் மச்சான் வேலை செய்யும்போது கை சும்மா இருக்காதாம். அதனால் வயர் மாட்டியிருந்தால் போன் தானாகவே அழைப்பை எடுக்கும்படி வைத்திருந்தான். அந்த நேரம் அவன் ஆட்கள் உட்காரக் கதிரைகள் ஏற்றிவர லொறியோடு போயிருந்தான். பந்தலடியில் இருந்த நானா, அழைப்பை நிறுத்துவதற்கு ஒரு பொத்தானைத் தேடி அந்தப் போனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம்; அம்ப்ளிஃபயரை அணைக்கலாம் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தோன்றியதாம்.

எதிர்ப்பக்கத்தில் பாட்டு நின்றது. டிக்கிடி டிக்கிடி என்று ஒரு சத்தம் வந்தது. மாமா பேச ஆரம்பித்தார்.

"தம்பி, நான்தான். யாருகிட்டயும் சொல்லாத. சம்பந்தி வீட்டுக்கு மேல செடிக்குள்ள ஒளிஞ்சிருக்கோம். ஒரு எழவும் வெளங்கல. சத்தத்தக் கூட்டு."

கொஞ்சம் பிந்தி, மலை முழுக்க அந்த வார்த்தைகள் வந்தன. தம்பி, நான்தான் என்றது எதிர்மலை. மாமா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அண்ணாந்து பார்த்தார்.

"யார்ரா அது, என்ன மாதிரியே பேசுறது?"

அதுவும் வந்தது. ஒரு எழுத்து குறையவில்லை. ஹோர்னுக்குத் தொண்டை உண்டு என்று நானா சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

கீழே வாழைமரம் கட்டியவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாக எங்கள் பக்கம் திரும்பின. மாமா செடிக்குள் இன்னும் குனிந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஏறி வந்து, இரண்டு கையாலும் செடியை விலக்கிப் பார்த்தார்.

"எந்திரிங்க சம்பந்தி. அட்டை ஏறுது."

மாமா எழுந்தார். சுருட்டிய சாரத்தை இறக்கிவிட்டார். நாளைக்குக் காலையில் இவரோடுதான் மாலையும் சீர்த்தட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சம்பந்தி மாமா கையிலிருந்த போனைப் பார்த்தார், எதிர்மலையைப் பார்த்தார், விஷயத்தைப் புரிந்துகொண்டார். போனை வாங்கி வாயருகே வைத்து, மேடையில் நிற்பவரைப் போலத் தொண்டையைச் செருமினார். செருமல் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பொண்ணு வீட்டு ஆளுக எல்லாருக்கும் வணக்கம். உங்க ஆளு இங்க பத்திரமா இருக்காரு. டீ குடிக்க வச்சு அனுப்புறோம்."

தன் குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய், பெரிதாகித் திரும்பி வருவதை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிடித்துவிட்டது. தன் தம்பிமார், தங்கச்சிமார், தாலி செய்த ஆசாரி என்று ஒவ்வொருவரையாக அழைத்து, நாளைக்கு நேரத்தோடு வரச் சொன்னார். அவர்களில் பாதிப் பேர் அவருக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள். என் போனில் காசு தீரும் வரை பேசினார்.

அதன்பிறகு வாசலில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மாமா தலை குனிந்து, காலில் இருந்த அட்டையை உப்புப் போட்டு விழுத்திக்கொண்டிருந்தார். சம்பந்தி தன் கதிரையை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அப்படி ஒரு சாமான் இந்தப் பக்கத்துல யாருகிட்டயும் இல்ல சம்பந்தி. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா விழுகுது. நாளைக்குத் தாலி கட்டினதும் எனக்கு அதுல ரெண்டு வார்த்தை பேசக் குடுப்பீங்களா?"

மாமா அட்டையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"பாப்போம்" என்றார்.