ரோஸ்னிதாவின் அப்பா பேர்

பெண் வீட்டுக்காரர்கள் காப்பியைக் கையில் எடுத்ததுமே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

"பையனோட தாய்மாமன் யாரு?"

ரோஸ்னிதா தட்டில் இருந்த வறுத்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் மங்காரா தொண்டையைச் செருமினார். மகன் பார்லின் கதவுப் பக்கம் பார்த்தான், யாராவது அந்த வழியாக வந்து பதில் சொல்லிவிடுவார்கள் என்பது போல.

தாய்மாமன் வந்து தோளில் ஊலோஸ் துணியைப் போர்த்தாமல் எந்த மாப்பிள்ளையும் மாப்பிள்ளை ஆவதில்லை. சிரித்துச் சமாளித்துவிடக்கூடிய விஷயமும் இல்லை இது.

வந்தவர்கள் போன பிறகு, மங்காராவின் தங்கை லம்தியூர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "கருவாடு விக்கிற அண்ணி கூடையில இல்லாத மீன் இல்ல. குலம் மட்டுந்தான் இல்ல."

"லம்தியூர்."

"உள்ளதத்தானே சொல்றேன் அண்ணா? எத்தனையோ பேரு செய்றதுதான். நல்ல குடும்பமாப் பாத்து அண்ணியத் தத்துக் குடுத்துருவோம். ஒரு பன்னியை அடிச்சு ஊருக்குச் சோறு போட்டா அன்னைக்கே குலம் வந்துரும். அந்த வீட்டு ஆம்பளையே மாமனா வந்து நின்னுட்டுப் போறாரு."

"எனக்குத் தத்து வேணாம்" என்றாள் ரோஸ்னிதா. "எனக்கு அப்பா இருந்தார். அவர் ஒண்ணும் ஆகாயத்துலேர்ந்து விழல."

"எங்கேர்ந்துதான் விழுந்தார்?"

ரோஸ்னிதா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் அப்பா தஞ்சோங் பாலாயில், ஆறு கடலில் சேரும் இடத்தில், வலை பின்னிப் பிழைத்தவர். அமான் என்றுதான் ஊரில் பேர். கடற்கரைப் பேச்சில் அமைதி என்று பொருள்படும் பேர், ஆளும் அப்படித்தான். சொந்த ஊர் எது என்று கேட்டால் வலையூசியைத் தூக்கி மலைப் பக்கம் காட்டுவார். "மேலே. ஏரிப் பக்கம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் குலப்பெயரைக் கழற்றி வைத்தால்தான் அந்நாளில் அந்தக் கரையில் படகில் இடம் கிடைத்தது. கழற்றி வைத்ததை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

எங்கள் மலை ஜனத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு கடையில் உட்கார்ந்தால், காப்பியில் சர்க்கரை கரைவதற்குள் நீ என்ன குலம், எத்தனையாவது தலைமுறை என்று பேசி, அண்ணன் தம்பியாகவோ மாமன் மச்சானாகவோ ஆகிவிடுவார்கள். சியந்தார் சந்தையில் கருவாடு விற்றபடி ரோஸ்னிதா இதைத் தினமும் பார்த்தாள், அடுத்தவர் வீட்டு ஜன்னலை வெளியே நின்று பார்ப்பதைப் போல. ஏரி நடுவே இருக்கும் தீவிலிருந்து யார் வந்து நெத்திலி வாங்கினாலும் கேட்பாள்: "உங்க பக்கத்துலேர்ந்து அமான்னு ஒருத்தர் கடற்கரைக்குப் போனாரே, தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு தடவை நேர்லயே போய்ப் பார்த்துருவோம்" என்றார் மங்காரா. அவர் மோட்டார் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், வண்டியை எடுப்பார். மறுநாள் இரண்டு பேரும் படகேறி சமோசிர் தீவில் இறங்கினார்கள்.

சந்தையில் கேட்டார்கள். சர்ச் வாசலில் கேட்டார்கள். "அமானா? இந்த ஊர்ல யாருக்கும்மா அமைதி இருக்கு?" என்று ஒரு மிளகாய்க்காரி சிரித்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பும் படகுக்காகத் துறையை ஒட்டிய காப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள். ரோஸ்னிதா எதிரே வைத்த மீனைத் தொடவில்லை. ஊருக்குப் போனதும் லம்தியூரிடம் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

படகு கரையை நெருங்கியது. அதன் முனையில் நின்றவன் துறையில் இருந்தவனைக் கூப்பிட்டான். "அமானி ஹொத்மா! கயித்தப் புடி!"

ரோஸ்னிதா சட்டென்று துறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எங்கப்பாகூட வலைக்குப் போற கிழவர் ஒருத்தர் இருந்தார். தண்ணிக்கு அந்தப் பக்கமிருந்து இப்படித்தான் கூப்பிடுவார். அமானி தீகோர்னு."

மங்காரா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "என்னன்னு?"

"அமானி தீகோர். அமான்கறத இழுத்துக் கூப்பிடறார்னு நெனச்சேன். தீகோர்ங்கறது ஏதோ பட்டப்பேருன்னு."

"இத ஏன் இத்தனை வருஷமாச் சொல்லல நீ?"

"நீங்க கேக்கலையே."

மங்காரா தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அடியே, அது பேரே இல்லடி. என்னை ஊர்ல என்னன்னு கூப்பிடறாங்க?"

"பார்லின் அப்பா."

"மலையில அதையே எப்படிச் சொல்லுவாங்க?"

"அமானி பார்லின்" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே கிடந்த வார்த்தை. சிறு வயதில் காதில் விழுந்தது என்பதால் அதைத் திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை. அமானி தீகோர் என்றால் தீகோரின் அப்பா. கடற்கரைக்காரர்கள் தீகோரை உதறிவிட்டு மிச்சத்தைப் பேராக வைத்துக்கொண்டார்கள்.

"பிள்ளைய விட்டுட்டு 'உடைய அப்பா'வத் தேடிக்கிட்டிருந்திருக்கோம்" என்றார் மங்காரா.

ரோஸ்னிதா சிரிக்கவில்லை. அந்தப் பேருக்குள் ஒரு பிள்ளை இருந்தான். அப்பாவுக்கு அவளுக்கு முன்பே ஒரு மகன்.

கடைக்காரம்மா டம்ளரைக் கழுவியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்தத் தீகோர்? காளவாய்த் தீகோரா, வெங்காயத் தீகோரா?"

"அப்பா விட்டுட்டுப் போன தீகோர்" என்றாள் ரோஸ்னிதா.

"அப்ப வெங்காயந்தான். மேட்டுமேல ஏறுங்க. நாய் குரைக்கும், கடிக்காது. அவருதான் கடிப்பாரு."

படகு போய்விட்டது. இரண்டு பேரும் மேடேறினார்கள்.

வெங்காய வயலில் நரைத்த மனிதர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நாரை மடக்கி உள்ளே விட்டு இழுக்கும் விதத்தைப் பார்த்ததும் ரோஸ்னிதா இன்னும் கிட்டே போனாள். வலை முடிச்சு. அப்பா போடும் அதே மடக்கு.

மங்காரா விஷயத்தைச் சொன்னார். தீகோர் தலையைத் தூக்கவில்லை.

"எங்கப்பன் பேரச் சொல்லிக்கிட்டு வர்றவங்க எல்லாம் நெலத்துக்குத்தான் வருவாங்க."

"நெலம் வேணாம்" என்றாள் ரோஸ்னிதா. "என் மகன் தோள்ல நீங்க ஒரு துணி போர்த்தணும். அது போதும்."

"நான் நடக்கப் பழகுறதுக்குள்ள போனவரு. சித்தப்பனோட வரப்புச் சண்டையாம், கோவமாம். எங்கம்மா செத்ததுக்குக்கூட வரல. அங்க போய் என் பேரையே மறந்திருப்பாரு."

"மறக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க அவருக்கு வேற பேரே கிடையாதுங்க. வந்து எறங்கின அன்னைக்கே உங்க பேரச் சொல்லித்தான் தன் பேரச் சொல்லியிருக்கார். மீன்காரன், போலீஸ்காரன், எங்கம்மா, எல்லாரும் அமானி, அமான்னுதான். யாருக்கும் அர்த்தம் தெரியாது. அவருக்கு மட்டுந்தான் தெரியும்." அவள் அவர் எதிரே குந்தினாள். "நான் பொறந்தப்புறமும் அவர் ரோஸ்னிதாவோட அப்பா ஆகல. சாகுறவரைக்கும் உங்க அப்பாதான்."

தீகோர் வெங்காயத்தைக் கட்டினார். கட்டியது நழுவி மண்ணில் உதிர்ந்தது. இன்னொரு நாரை எடுத்தார். அதுவும் சரியாக விழவில்லை. நாய் வந்து அவர் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போனது.

மூன்றாவது நாரைப் பல்லில் கடித்தபடி கேட்டார். "பொண்ணு வீட்டுல எத்தன பேரு வர்றாங்க?"

"ஒரு பஸ் நெறைய" என்றார் மங்காரா.

"அப்ப நாம ரெண்டு பஸ்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "இங்க வா தங்கச்சி. இனிமே எவனாவது கேட்டா முழுங்காம சொல்லு. சிபங்கோலு குலத்து மக. பதினாறாம் தலைமுறை."

பிறகு குனிந்து அவள் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது அவர்கள் அப்பாவின் சொந்தப் பேர்.

கல்யாணத்தன்று சியந்தார் மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரர் காகிதத்தைப் பார்த்துத் தயங்கியபடி, "மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டார்" என்று அழைத்தார். பெண் வீட்டார் கழுத்தைத் திருப்பினார்கள். லம்தியூர் எட்டிப் பார்த்தாள். தலையில் அரிசிக் கூடைகளோடு பெண்கள் உள்ளே வந்தார்கள். பின்னால் பெரிய பெரிய கெண்டை மீன் தட்டுகள். அதற்கும் பின்னால் ஆண்கள், தாளத்துக்குத் தோளை அசைத்தபடி. வரிசை முடியவே இல்லை. நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்தார்கள். வெங்காய வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது.

"பெரியவரே, உங்க பேரு?" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

"தீகோர்."

"அப்பா பேரு?"

"அமானி தீகோர்."

"தீகோரோட அப்பா தீகோரோட அப்பாவா? அது எனக்கே தெரியுமே!"

மண்டபம் சிரித்தது. தீகோரும் சிரித்தார். "அது போதும்யா, இன்னைக்கு அந்தப் பேருதான் வேணும்" என்று சொல்லி, பார்லினையும் மணப்பெண்ணையும் சேர்த்து ஒரே ஊலோஸால் இறுக்கிப் போர்த்தினார். துணியின் முனையை இழுத்துவிடும்போது அவர் விரல் தானாகவே ஒரு முடிச்சுப் போடப் பார்த்தது. ரோஸ்னிதா மட்டும் அதைக் கவனித்தாள்.

பந்தியில் லம்தியூர் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீன் தலையை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

"அண்ணி, ஆனாலும் உங்கப்பாவோட சொந்தப் பேர்தான் என்ன?"

ரோஸ்னிதா மீன் தலையை நிதானமாகப் பிட்டாள்.

"பெத்த அப்பன் பேரைப் பிள்ளைங்க வாய்விட்டுச் சொல்லலாமா லம்தியூர்? குலம் கோத்திரத்தோட பொறந்தவ நீ. இதுகூடத் தெரியாதா உனக்கு?"